சூட்டைப் பங்கு வைத்தவர்

என் தங்கை புருஷனை எங்கள் பக்கத்தில் எல்லோரும் வால்வுக்காரர் என்றுதான் சொல்வார்கள். தங்கை புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக நானும் 'அவர்' போட்டுச் சொல்கிறேன். வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடியும் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர் வம்சத்தைக் கொஞ்சம் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்வது சுலபம். அவருடைய அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். ரயில் முந்தின ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே கேட்டை இறக்கிவிடுவார். இறக்கிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தாய்மாமன் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் ஜன்னல். வரிசை தெருமுனை தாண்டி நிற்கும், அவர் உள்ளே காது குடைந்துகொண்டிருப்பார். சித்தப்பா பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிறவர், அதாவது விடாதவர். இவர் அக்காவைக் கட்டிக்கொடுத்ததுகூட லிஃப்ட் இயக்குகிறவர் வீட்டில்தான். அந்தக் குடும்பத்தில் ஒரு பொருளைச் செய்கிறவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. அடுத்தவர் போகிற வழியில் நின்றுகொண்டு 'ம், போ' என்று சொல்கிறவர்கள்தான் அத்தனை பேரும்.

இவர் அந்த வம்சத்தின் மணிமகுடம்.

அந்தக் கட்டடம் ஐந்து மாடி. அப்போது நகரம் முழுக்க அப்படிப்பட்ட கட்டடங்கள்தான். தரைக்கு அடியில் பாய்லர் அறை. அதற்குள் யானை படுத்திருந்த மாதிரி ஓர் இரும்புப் பாய்லர். நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சுவருக்குள் ஓடும் குழாய் வழியாக மேலே அனுப்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலுக்குக் கீழே விலா எலும்பு மாதிரி நிற்கும் ஹீட்டருக்குள் அந்தத் தண்ணீர் ஓடும். இரும்பு சுடும், வீடு சூடாகும். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் பனி, மீதி நாள் மண்டையைப் பிளக்கும் வெயில். பனிக்குப் பாய்லர் உண்டு. வெயிலுக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு யாரையாவது திட்டுவதுதான் உண்டு.

பாய்லருக்குக் கரி அள்ளிப் போட ஓர் ஆள் இருந்தான். சாம்பல் அள்ள இன்னோர் ஆள். இவர் வேலை வால்வு. மாடிக்கு ஒன்றாக வட்டமான இரும்புச் சக்கரங்கள் சுவரில் வரிசையாக இருக்கும். அதைத் திறந்தால் அந்த மாடிக்குச் சூடு போகும், மூடினால் போகாது. ஒரு கையால் செய்கிற வேலை. அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் ஐந்து மாடி ஜனங்களை ஆண்டார்.

எங்கள் அப்பா மாப்பிள்ளை பார்த்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அஞ்சு பெண்கள். குளிர்காலத்தில் ஒரே கம்பளிக்கு அஞ்சு பேரும் இழுத்துக்கொண்டு வளர்ந்தோம். என் தங்கை கடைக்குட்டி, ஓரத்தில் படுக்கிறவள், அவளுக்கு எப்போதும் முதுகு வெளியேதான் இருக்கும். பாய்லருக்கு நேர் மேலே வீடு, மாப்பிள்ளைக்கு அதே கட்டடத்தில் வேலை என்று தரகர் சொன்னதும் அப்பா மேலே ஒன்றும் விசாரிக்கவில்லை. என் மகள் இனிக் குளிரில் நடுங்க மாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். சொன்னது பலித்தது. அவள் நடுங்கவில்லை, வெந்தாள். வெந்நீருக்காகக் கோடையிலும் பாய்லர் எரியும். சமையலறைத் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். கோடை வந்தால் மாடிப்படித் திருப்பத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போவார்கள். வால்வுக்காரர் மட்டும் உள்ளே சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் சூடு தனக்குச் சுடுமா என்பது அவர் எண்ணம்.

தங்கை அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் கேள்வியைப் பொறுத்து.

அவர் ஆண்ட விதத்துக்கு ஓர் உதாரணம் போதும். மேல் மாடியில் ஒரு தையல்காரர் இருந்தார். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவர், வால்வுக்காரரைவிட வயதில் மூத்தவர். ஒருமுறை இவருக்குத் தைத்த கால்சட்டை கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது. உட்கார்ந்தால் முட்டிக்குக் கீழே பாதிக் கால் தெரியும். கால்சட்டை பிழையில்லை, அளவெடுத்தபோது நீங்கள் வயிற்றை எக்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றீர்கள், நடக்கும்போது அப்படி நடப்பதில்லையே என்று தையல்காரர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க மேல் மாடிக்கு வெறும் மூச்சுதான் போனது. விரல் விறைத்தால் தையல்காரன் ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி? துணியை மடியில் போட்டுக்கொண்டு, கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒருநாள் கீழே இறங்கி வந்தார். நான் அன்றைக்குத் தங்கை வீட்டில் இருந்தேன்.

"மாமா, மேல கொஞ்சம் பாத்து விடுங்க" என்றார் அந்தப் பெரிய மனுஷர்.

"யாரு மாமா?" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்கதான் மாமா."

"அப்படியா. கால்சட்டை எப்படி இருக்கு?"

"நான்தான் தப்பா வெட்டிட்டேன் மாமா."

அந்தக் கடைசி வாக்கியம் வரும்வரை பேப்பர் இறங்கவில்லை. பிறகு சாவியை எடுத்து, செருப்பைத் தேடி, செருப்பைத் தட்டி, போட்டுக்கொண்டு, மெதுவாகக் கீழே போய் ஒரு திருகு திருகிவிட்டு வந்தார். அவருக்கு மனசிருந்தால் அந்தத் திருகு கண் இமைக்கிற நேரத்து வேலை.

அந்தக் கட்டடத்து ஜனங்களும் சளைத்தவர்கள் இல்லை. அவரைப் பற்றி இருப்பதைவிட நல்ல அபிப்பிராயம் அவர்களைப் பற்றி எனக்குக் கிடையாது. காலையில் படியிறங்கும்போது அவர் கதவு சாத்தியிருந்தாலும் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் விசேஷமாக எதையாவது செய்தால் முதல் தட்டு மூடிக்கொண்டு கீழே வரும். இரண்டாம் மாடி பேங்க்காரர்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர், ஆயிரம் பேருக்குக் கையெழுத்துப் போடுகிற மனுஷர். அவர் வால்வுக்காரர் இருமினால் மருந்து வாங்கிக்கொண்டு வருவார். ஒருவருக்குச் சூடு வந்து இன்னொருவருக்கு வராவிட்டால், வராதவன் வந்தவனைத்தான் முறைப்பான். சக்கரத்தை மூடிய கையை யாரும் முறைத்ததில்லை.

அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியே போய்விட்டு வீட்டுக்குள் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், நேரே ஜன்னலுக்குப் போய் ஹீட்டர் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். கை சுட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் முகம் மலரும், இன்றைக்கு நம் மேல் தயவு இருக்கிறது என்று. கையை வைத்து வைத்தபடி நிற்க முடிந்தால் முகம் தொங்கிவிடும், என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். அறை எப்படி இருக்கிறது என்று உடம்பைக் கேட்கிறவர்கள் இல்லை. உள்ளங்கையைத்தான் கேட்பார்கள். சின்னக் குழந்தைகள்கூட அப்படியே பழகிவிட்டன.

இந்த ராஜ்ஜியத்துக்குள்தான் நகராட்சி வந்தது.

நகரத்தில் கரிப்புகை தாங்க முடியவில்லை, இனிக் கட்டடங்களைச் சூடு பண்ணக் கரி வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார்கள். கட்டடத்தின் பின்வாசலில் பெரிய இயந்திரத்தை நிறுத்தி, நிலத்தில் பாதாளம் வரைக்கும் துளை போட்டார்கள். துளைக்குள் குழாய் இறக்கி மேலே ஒரு பம்பில் மாட்டினார்கள். பனிக்காலத்தில் மண்ணுக்கு அடியில் இருக்கிற வெதுவெதுப்பை அந்தப் பம்பு இழுத்து வீடுகளுக்கு அனுப்பும். கோடையில் அதையே திருப்பிவிட்டால் வீட்டுக்குள் இருக்கிற சூட்டைக் கொண்டுபோய் மண்ணுக்குள் விட்டுவிடும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும், அதற்கு ஊருக்கு வெளியே காற்றாலை நட்டிருந்தார்கள், கூரை மேல் வெயில் தகடு போட்டிருந்தார்கள். இவ்வளவையும் ஓர் இன்ஜினியர் பெண் வந்து வாசலில் நின்று சொன்னாள். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் சேறு. கேட்டவர்கள் பாதிப் பேர் அவளைப் பார்க்கவில்லை, வால்வுக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு சின்னத் திருகு வைக்கப்படும், அவரவர்க்கு வேண்டிய அளவு அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

வால்வுக்காரருக்கு ரத்தம் சுண்டியது அந்த இடத்தில்தான். ஏனென்றால் அவருக்கு வேறு நஷ்டம் எதுவும் இல்லை. சம்பளம் ஓய்வு பெறும்வரை வரும், வீடு அவருக்கே, பம்பு அறையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தால் போதும் என்று நகராட்சி முதலிலேயே சொல்லிவிட்டது. சாம்பல் அள்ளுகிறவனுக்குக்கூட வேறு நல்ல வேலை கொடுத்தார்கள், அவன் சிரித்துக்கொண்டே போனான். இவருக்குப் போகப்போவது ஒன்றே ஒன்றுதான். இனி யாரும் கீழே வந்து 'மாமா' என்று நிற்க மாட்டார்கள்.

பழைய பாய்லரை அணைத்தார்களே தவிர, உடனே எடுத்துவிடவில்லை. ஒரு பனிக்காலம் புதியதை ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பாய்லரை வெட்டி எடுக்கிறோம், பிடிக்காவிட்டால் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள், உங்கள் கட்டடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்கிறோம் என்று நகராட்சி நியாயமாகத்தான் சொன்னது. நியாயமாகப் பேசுகிறவர்களுக்கு எங்கள் வால்வுக்காரர் மாதிரி ஆட்களைத் தெரியாது.

புதிய சூடு வேறு மாதிரிச் சூடு. பாய்லர் தண்ணீர் கொதித்துக்கொண்டு வரும், கொஞ்ச நேரம் இரும்பு தீயாகக் கொதித்துவிட்டு அணைந்துவிடும். இந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்து, விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பைத் தொட்டால் குழந்தையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அறை என்னவோ இதமாகத்தான் இருக்கும். அந்தப் பெண் வீடு வீடாகப் போய்த் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னாள், இரும்பைத் தொடாதீர்கள், இரவில் அணைக்காதீர்கள், ஒரே அளவில் விட்டுவிடுங்கள் என்று.

அவள் ஒரு படியில் ஏறினால் வால்வுக்காரர் இன்னொரு படியில் ஏறினார். முப்பது வருஷமாக மாடி ஏறாத மனுஷர் மூச்சிரைக்க ஏறினார். ஒவ்வொரு வீட்டிலும் நேரே ஜன்னலுக்குப் போய் ஹீட்டர் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டுவார்.

"தொட்டுப் பாருங்க. பொணம் மாதிரி இருக்கு."

அவர்களும் தொட்டுப் பார்ப்பார்கள். கை சுடாது. உடனே அவர்களுக்குக் குளிர ஆரம்பித்துவிடும். அதுவரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையல் செய்துகொண்டிருந்த அம்மாள் மடித்ததை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆமாம், இப்போதுதான் தெரிகிறது என்பாள்.

இதோடு விட்டாரா? ராத்திரி படுக்கும்போது திருகை மூடிவிடுங்கள், காலையில் முழுசாகத் திறந்துவிடுங்கள், அப்போதுதான் வேகம் பிடிக்கும் என்று வைத்தியம் வேறு சொன்னார். பாய்லருக்கு அது சரி. நிதானமாக ஓடுகிற இதற்கு அது விஷம். ராத்திரி முழுக்க வீடு ஆறிப்போய், காலையில் பல் கிட்டிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்ததும் நகராட்சியைத் திட்டினார்கள். தெரிந்தே செய்தாரா என்று என்னைக் கேட்டால், பாதி தெரிந்து செய்தார், மீதிப் பாதியை அவரே நம்பினார். பொய்யைப் பாதி நம்பிக்கொண்டு சொல்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அடி மண்ணின் சூட்டை உறிஞ்சினால் அஸ்திவாரம் விரிந்துவிடும் என்றும் ஒரு கதை கிளப்பினார். அதற்குப் பேங்க்காரர் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு சுவரில் விரிசல் தேட ஆரம்பித்தார். பழைய கட்டடத்தில் தேடினால் விரிசலுக்கா பஞ்சம்?

என் தங்கை வீட்டில் மட்டும் யாரும் திருகைத் தொடவில்லை. அவள் அந்தப் பெண் வைத்த அளவிலேயே விட்டுவிட்டாள். நான் போயிருந்தபோது சமையலறையில் வெறுங்காலோடு நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதத்தை நான் அந்த வீட்டில் பார்த்தது அதுதான் முதல் தடவை. காலைக் கொஞ்சம் தூக்கி, விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழ்த்தளத்தில் இருக்கிற கூடத்தில். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனபடியால் பாதிப் பேர் வெளியே போய்விட்டு அப்படியே நேராகக் கூட்டத்துக்கு வந்தார்கள், கனத்த கோட்டும் குல்லாவும் கழுத்துத் துணியுமாக. அந்தக் கூடத்தில் கோட்டு மாட்ட ஆணி கிடையாது. அந்தக் கட்டடத்தில் யாருக்காவது கையில் இருப்பதை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் வால்வுக்காரர் பெண்டாட்டியிடம் கொடுப்பது வழக்கம். குடை, குழந்தை, பக்கத்து வீட்டுச் சாவி எல்லாம் அவள் மடியில்தான் வந்து சேரும். கடைசி வரிசையில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் ஒவ்வொருவராக 'கொஞ்சம் வச்சுக்கம்மா' என்று கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

பேங்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இன்ஜினியர் பெண் ஒரு வெப்பமானியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, இந்தக் கூடத்தில் இப்போது எவ்வளவு சூடு இருக்கிறது பாருங்கள், போன வருஷம் பாய்லர் ஓடியபோது இதே மாதத்தில் இதைவிடக் குறைவு என்றாள்.

வால்வுக்காரர் எழுந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு களை இருந்தது, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத களை.

"மீட்டர் உங்களோடது. கை எங்களோடது" என்றார். கூடத்தில் ஒரு முனகல், அப்படிச் சொல்லுங்க மாமா என்று. "நான் ஒண்ணும் பேசல. எல்லாரும் வரிசையா வாங்க. அந்த ஹீட்டரைத் தொட்டுப் பாருங்க. தொட்டுட்டு, பழைய பாய்லர் வேணும்னா கையைத் தூக்குங்க. அவ்வளவுதான்."

போனார்கள். படித்தவர், படிக்காதவர், பேங்க்காரர், பள்ளிக்கூட வாத்தியாரம்மா, எல்லோரும் வரிசையில் நின்று, சாவு வீட்டில் கடைசி முகம் பார்க்கப் போகிற மாதிரி ஒவ்வொருவராக இரும்பைத் தொட்டார்கள். தொட்டவர் அடுத்தவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தொட்டுவிட்டுத் திரும்பிய வாத்தியாரம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, சுத்தமா சூடே இல்லீங்க என்றாள். தையல்காரரும் வரிசையில் நின்றார். அக்குளில் கையை வைத்துக்கொண்டு குளிர்காலம் கழித்த அதே மனுஷர், தொட்டுவிட்டு வந்து பழைய பாய்லருக்குக் கையைத் தூக்கினார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. வால்வுக்காரர் தூக்கிய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா கேட்டுக்கு இரண்டு பக்கமும் பார்ப்பார் என்று சொன்னார்களே, அந்தப் பார்வையை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் வெப்பமானியைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

அப்போது என் பக்கத்தில் இருந்த கோட்டுக் குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது. தங்கை முகமே தெரியவில்லை, மூக்குக்கு மேலேதான் தெரிந்தது.

"இந்தக் கோட்டெல்லாம் யாரோடது யாரோடதுன்னு பாத்து வாங்கிக்கங்க" என்றாள். "எனக்கு வேர்க்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே திரும்பினார்கள். அத்தனை பேரும் வெறும் சட்டையோடு நின்றார்கள். சிலர் கையை மடித்துவிட்டிருந்தார்கள். பேங்க்காரர் கூட்ட அறிக்கையை மடக்கி விசிறிக்கொண்டிருந்தார், விசிறிய கை பாதியில் நின்றது. முதலில் தையல்காரர்தான் தூக்கிய கையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வரிசையாகப் பரவியது. தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று தெரியாமலே பாதிப் பேர் சிரித்தார்கள்.

அப்போதாவது வால்வுக்காரர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சிரிப்பு அடங்கியிருக்கும், அந்த ஜனங்களை நம்ப முடியாது, மறுபடியும் இரும்பைத் தொட்டுவிட்டு அவர் பக்கம் போனாலும் போயிருப்பார்கள். அவர் என்ன செய்தார்? ஓடி வந்து என் தங்கை மடியிலிருந்து கோட்டுகளை அள்ளி, "போட்டுக்கங்க, எல்லாரும் போட்டுக்கங்க, குளிருதுல்ல" என்று ஆளாளுக்கு மாட்டிவிடப் பார்த்தார். பேங்க்காரருக்கு வாத்தியாரம்மா கோட்டை மாட்டினார். அது தோளில் பாதியிலேயே நின்றுவிட்டது. யாரும் போட்டுக்கொள்ளவில்லை என்றதும் தன் கோட்டை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தானைப் பூட்டி, நெஞ்சை நிமிர்த்தி நடுக்கூடத்தில் நின்றார். அளவெடுக்கும்போது நின்ற மாதிரி.

மறுபடியும் கை தூக்கச் சொன்னார் பேங்க்காரர், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. பழைய பாய்லருக்கு ஒரே ஒரு கைதான் எழுந்தது. அது கோட்டுக் கை.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியை என்ன செய்வாரோ என்று நான் கூடவே போனேன். ஒன்றும் செய்யவில்லை. நீ வேணும்னே சொன்னியா என்று மட்டும் கேட்டார். வேர்த்துச்சு, சொன்னேன் என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா என்று நானும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் இதே பதில்தான் வரும்.

பாய்லரைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு ஒருநாள் தங்கையைப் பார்க்கப் போனேன். பனிக்காலம் முடியவில்லை. மாடிப்படியில் ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், ஒருவரும் அந்தக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. தையல்காரர் சீட்டியடித்துக்கொண்டே போனார். உள்ளே வால்வுக்காரர் நாற்காலியில் அதே கோட்டோடு உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பொத்தான். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது.

"அன்னிலேருந்து கழட்டல அக்கா" என்றாள் தங்கை, அடுப்படியிலிருந்து, சாதாரணக் குரலில். "தூங்கறப்போ மட்டும் கழட்டறாங்க. அதுவும் விளக்கை அணைச்சப்புறம்."

கதவை யாரோ தட்டினார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேப்பரைக் கையில் எடுத்துப் பிரித்துக்கொண்டு, வாங்க என்றார். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண். அவளுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது.

"என்னம்மா, சூடு பத்தலையா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"இல்லீங்க, ரொம்ப சூடா இருக்கு. எப்படிக் குறைக்கிறதுன்னு தெரியல. கீழ கேளுங்கன்னாங்க."

அவருக்கு அது தெரியாது. அந்தத் திருகைத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டவர், இடது பக்கமா வலது பக்கமா என்றுகூடக் கற்றுக்கொள்ளவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அதெல்லாம் குறைக்க முடியாது. எனக்கே இங்க குளிருது" என்றார். அந்தப் பெண் கோட்டைப் பார்த்தாள், மூக்கு நுனியைப் பார்த்தாள், பயந்துபோய் என்னைப் பார்த்தாள். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வா நான் காட்டறேன் என்று அவளைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள்.

நானும் அவரும் மட்டும் இருந்தோம். மேலே மூன்றாம் மாடியில் இரண்டு பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் பேப்பரை இறக்கினார்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. குளிருது இல்ல?"

அந்த மனுஷருக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. உண்மையைச் சொல்லவும் பிடிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டேன். பனிக்காற்று சில்லென்று உள்ளே வந்து அவர் முகத்தில் அடித்தது. வேர்வை ஆறியது, உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்தப் பனிக்காலத்தில் முதல் தடவையாக அந்தக் கோட்டுக்குள் அவர் சௌகரியமாக இருந்தார்.

"பாத்தீங்களா அண்ணி" என்றார். "நான் சொன்னேன்ல?"